ராபர்ட் ஹூக் (1635–1703)

ராபர்ட் ஹூக் பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் அறிவியலாளர், கருவி வல்லுநர், நில அளவர், கட்டடக் கலைஞர். தக்கையை நுண்ணோக்கியில் பார்த்து அதன் கண்ணறைகளுக்கு 'செல்' என்று பெயரிட்டவர். சுருள்வில்லின் நீட்சிக்கும் அதன்மேல் செயல்படும் விசைக்கும் உள்ள தொடர்பைச் சொல்லும் ஹூக் விதியைத் தந்தவர். நம் பள்ளிப் பாடநூல்கள் பெரும்பாலும் இந்த இரண்டோடு அவரை முடித்துவிடுகின்றன. ஆனால் வானியல், நிலவியல், வானிலை, மூச்சு, ஒலி, நினைவாற்றல், கடிகாரம், நகரச் சீரமைப்பு, சீன எழுத்து என அவர் கைவைக்காத துறை அந்தக் காலத்தில் குறைவு.

இத்தனை துறைகளில் இறங்கியவரைப் பின்னால் வந்தவர்கள் கவனம் சிதறியவர் என்றே நெடுங்காலம் எழுதிவந்தார்கள். அவருடைய எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் அந்தக் குற்றச்சாட்டு நிற்காது. மனிதப் புலன்களுக்குக் குறை உண்டு, நல்ல கருவி அந்தக் குறையை ஈடுகட்டும், கருவி காட்டியதை அளந்து பார்த்தால் இயற்கை இயங்கும் விதம் பிடிபடும் என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. அவர் செய்த வேலைகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது அதுதான்.

இளமை

இங்கிலாந்தின் தென்கரைக்கு அருகிலுள்ள வைட் தீவில், ஃப்ரெஷ்வாட்டர் என்னும் ஊரில், 1635 ஜூலை 18 அன்று (பழைய நாட்காட்டிப்படி) ஹூக் பிறந்தார். தந்தை ஜான் ஹூக் அவ்வூர்த் தேவாலயத்தில் உதவிக் குருவாக இருந்தார். நான்கு பிள்ளைகளில் கடைக்குட்டியான ராபர்ட் நோஞ்சான். தலைவலி அடிக்கடி வந்ததால் தொடர்ந்து பாடம் படிக்க முடியவில்லை. விளையாட்டெல்லாம் கைவேலைதான். பிரித்துப் போட்டிருந்த ஒரு பித்தளைக் கடிகாரத்தைப் பார்த்து, அதே போல மரத்தில் ஒன்று செய்து ஓட வைத்தார். பாய்மரமும் சுடக்கூடிய சிறு பீரங்கிகளும் பொருத்திய பொம்மைக் கப்பல் ஒன்றும் செய்தார்.

1648இல் தந்தை இறந்தபின் லண்டனுக்கு வந்தார். புகழ்பெற்ற ஓவியர் பீட்டர் லெலியிடம் சில காலம் தொழில் பழகினார். அங்கே நிலைக்கவில்லை என்றாலும், கோடு பிடிக்கும் பழக்கம் பின்னாளில் அவருடைய நூல்களைத் தூக்கி நிறுத்தியது. பிறகு வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் ரிச்சர்ட் பஸ்பியின் மாணவரானார். யூக்லிடின் வடிவியல் நூலில் முதல் ஆறு பகுதிகளை ஒரே வாரத்தில் கற்றுத் தேர்ந்ததாக அவரை அறிந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஆர்கன் வாசிக்கவும் கற்றார். ஆசிரியர் பஸ்பியுடனான நட்பு கடைசிவரை நீடித்தது. பின்னாளில் பஸ்பிக்காக வில்லன் என்னும் ஊரில் ஒரு தேவாலயத்தை ஹூக் வடிவமைத்துக் கொடுத்தார்.

1653இல் ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ்ட் சர்ச் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே ஜான் வில்கின்ஸைச் சுற்றி ஒரு சோதனை ஆய்வுக் குழு கூடிக்கொண்டிருந்தது. மருத்துவர் தாமஸ் வில்லிஸிடமும், பின்னர் செல்வந்தரான ராபர்ட் பாயிலிடமும் ஹூக் உதவியாளராக இருந்தார். பாயிலுக்காக அவர் செய்து கொடுத்த காற்று வெளியேற்றும் பம்புதான், அழுத்தம் கூடக் காற்றின் கன அளவு அதே விகிதத்தில் குறையும் என்னும் பாயில் விதிக்கு வழி திறந்தது. கருவியைச் செய்தவர், சோதனையை நடத்தியவர் ஹூக். விதி பாயில் பெயரில் நின்றது.

ராயல் சொசைட்டியில்

1660 நவம்பரில் லண்டனில் ராயல் சொசைட்டி என்னும் அறிவியல் சங்கம் தொடங்கப்பட்டது. 1662 நவம்பரில் அதன் சோதனைப் பொறுப்பாளராக ஹூக் அமர்த்தப்பட்டார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் சொல்லத்தக்க மூன்று நான்கு சோதனைகளைச் செய்து காட்டவேண்டும் என்பதே அவருக்கு இடப்பட்ட வேலை. வேறு வருமானம் தேவைப்படாத கனவான்கள் நிறைந்த சங்கத்தில், சம்பளத்துக்கு வேலை செய்த ஆய்வாளர் அவர். அந்தச் சம்பளமும் ஒழுங்காகக் கைக்கு வரவில்லை. ஜான் கட்லர் என்னும் வணிகர் ஆண்டுக்கு 50 பவுன் தருவதாகச் சொல்லி விரிவுரைகளை ஏற்படுத்தினார். பணத்தைத் தராமல் இழுத்தடித்தார். ஹூக் வழக்காடி 1696இல்தான், அதுவும் தம் பிறந்தநாளன்று, தீர்ப்பைப் பெற்றார்.

1665இல் கிரெஷாம் கல்லூரியின் வடிவியல் பேராசிரியர் ஆனார். அங்கே கிடைத்த அறைகளில்தான் இறக்கும்வரை குடியிருந்தார். வீடும் பட்டறையும் வானாய்வுக்கூடமும் அதுவே.

அவருடைய சோதனைகளில் மூச்சு பற்றியது தனித்துச் சொல்லவேண்டியது. 1664இல் ஒரு நாயின் மார்பைத் திறந்து, துருத்தியால் நுரையீரலுக்குள் காற்றை ஊதி அதை உயிரோடு வைத்திருந்தார். அந்த விலங்கு பட்ட வேதனையைக் கண்டு, இதை மீண்டும் செய்ய மனம் வராது என்று பாயிலுக்குக் கடிதம் எழுதினார். ஆனாலும் சங்கம் வற்புறுத்தியதால் 1667இல் மறுபடி செய்ய நேர்ந்தது. இம்முறை நுரையீரலில் சிறு துளைகள் இட்டு, காற்று தொடர்ந்து உள்ளே போய் வெளியேறும்படி அமைத்தார். நுரையீரல் அசையாமல் விரிந்தே நின்றது. நாய் உயிரோடு இருந்தது. உயிரைக் காப்பது நுரையீரலின் அசைவு என்ற எண்ணம் அன்றோடு விழுந்தது. உள்ளே போகும் புதுக் காற்றுதான் தேவை என்பது தெளிவாயிற்று. 1671இல் காற்றை ஓரளவு வெளியேற்றிய கலம் ஒன்றுக்குள் தாமே உட்கார்ந்து பார்த்து, காது வலித்ததைக் குறித்துவைத்தார்.

மைக்ரோகிராஃபியா

1665இல் வெளிவந்த 'மைக்ரோகிராஃபியா' ஹூக்கின் புகழை ஒரே வீச்சில் நிலைநாட்டியது. ஊசிமுனை, சவரக்கத்தியின் விளிம்பு, அச்சிட்ட முற்றுப்புள்ளி ஆகியவற்றில் நூல் தொடங்குகிறது. மனிதன் தீட்டிய கூர்மை நுண்ணோக்கியில் கரடுமுரடாகத் தெரிகிறது. அடுத்து வரும் ஈயின் கண்ணும் தேனீயின் கொடுக்கும் உற்றுப் பார்க்கப் பார்க்க ஒழுங்கு கூடிக்கொண்டே போகின்றன. தோலில் படர்ந்த பூஞ்சணத்தை அவர் வரைந்த படம், நுண்பூஞ்சைகளுக்கு முதல் படம். தெள்ளுப்பூச்சியின் படம் மடித்து வைத்த பெருந்தாளில், விரித்தால் ஏறக்குறைய ஒன்றரை அடி நீளம்.

இந்தப் படங்களுக்குப் பின்னால் இருந்த உழைப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. லண்டன் வெயிலை நம்ப முடியாததால், எண்ணெய் விளக்கின் ஒளியை நீர் நிரப்பிய கண்ணாடிக் குடுவை வழியாகவும் வில்லை வழியாகவும் குவித்துப் பொருளின் மேல் விழச் செய்தார். ஒரே பொருளைப் பல திசை ஒளியில் பார்த்து, மேடு எது, பள்ளம் எது என்று உறுதியான பிறகே வரைந்தார். எறும்பு மட்டும் பிடிகொடுக்கவில்லை. ஒட்டவைத்தால் உடலை முறுக்கிக்கொண்டது, கொன்றால் சுருங்கிப்போயிற்று. கடைசியில் பிராந்தியில் நனைத்து மயங்க வைத்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் கிடந்த எறும்பு, பிறகு சட்டென்று எழுந்து ஓடிவிட்டது.

தக்கையைப் பற்றிய பகுதியில் ஹூக்கின் முறை முழுதாகத் தெரிகிறது. கூரிய பேனாக்கத்தியால் தக்கையை மிக மெல்லிய சீவலாக அறுத்தார். அது வெண்மையாக இருந்ததால் கறுப்புத் தட்டின்மேல் வைத்து ஒளியைக் குவித்தார். தேன்கூட்டைப் போன்ற அறைகள் தெரிந்தன. ஓர் அங்குலத்தின் பதினெட்டில் ஒரு பங்கில் சுமார் 60 அறைகளை எண்ணினார். அப்படியானால் ஓர் அங்குல நீளத்தில் 1,080. சதுர அங்குலத்தில் 11,66,400. கன அங்குலத்தில் 125 கோடிக்கு மேல். தக்கை ஏன் மிதக்கிறது, ஏன் அழுத்தினால் சுருங்கி விட்டால் விரிகிறது என்பதற்கு, இந்த அறைகளில் அடைபட்டிருக்கும் காற்றையே காரணமாகக் காட்டினார். அவர் கண்டது இறந்த செல்களின் சுவர்களைத்தான். உயிரணுவே எல்லா உயிர்களுக்கும் அடிப்படை என்று நிறுவப்பட இன்னும் 170 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பெயர் மட்டும் அவர் வைத்ததே நிலைத்தது.

கடற்படை அதிகாரியும் நாட்குறிப்பாளருமான சாமுவேல் பீப்ஸ் இந்நூலை வாங்கிய கையோடு இரவு இரண்டு மணிவரை விழித்திருந்து படித்தார். 1676இல் ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வணிகர் லேவன்ஹூக், நீரில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் நீந்துவதாக எழுதியபோது, லண்டனில் பலர் நம்பவில்லை. 1677 நவம்பரில் அந்த உயிர்களைச் சங்க உறுப்பினர்களுக்கு நேரில் காட்டி, அவர் சொல் உண்மை என்று உறுதிசெய்தவர் ஹூக்.

சுருள்வில்லும் கடிகாரமும்

கடலில் கப்பல் இருக்கும் தீர்க்கரேகையை அறியத் துல்லியமான கடிகாரம் வேண்டும். ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் உதவாது. ஊசலுக்கு மாற்றாகச் சுருள்வில்லைப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் ஹூக்குக்கு இளவயதிலேயே வந்துவிட்டது. வில்லைத் தொடர்ந்து ஆராய்ந்ததன் பலன்தான் ஹூக் விதி. 1676இல் அதை எழுத்துகளை அகரவரிசையில் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டார். பிறர் முந்திக்கொள்ளாதபடி உரிமையை நிலைநாட்ட அன்று இருந்த வழி அது. 1678இல் முடிச்சை அவிழ்த்தார். அதற்கான சோதனை எளிமையானது: 20, 30, 40 அடி நீளக் கம்பியை உயரத்தில் ஆணியில் மாட்டி, கீழ்முனையில் தட்டைத் தொங்கவிட்டு, எடைக்கற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்து நீட்சியை அளப்பது. எடை இரட்டித்தால் நீட்சியும் இரட்டித்தது. இன்று பாலம் கட்டும் பொறியாளரும் தராசு செய்பவரும் இந்த விதியின் மேல்தான் நிற்கிறார்கள்.

சுருள்வில் கடிகாரத்தை 1675இல் டச்சு அறிவியலாளர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் வெளியிட்டபோது, தம் எண்ணம் களவுபோனதாக ஹூக் கொதித்தார். கடிகாரக் கலைஞர் தாமஸ் டாம்பியனைக் கொண்டு அரசர் இரண்டாம் சார்லஸுக்கு ஒரு கடிகாரம் செய்து கொடுத்தார். எண்ணத்தை முதலில் கொண்டவர் அவராக இருந்தாலும், அதை முழுமையாக்கி உலகின் முன் வைக்கத் தவறியது அவருடைய குறைதான். லாரியின் புரொப்பெல்லர் ஷாஃப்டில் இன்று நாம் காணும் யுனிவர்சல் ஜாயின்ட்டின் பயனை விளக்கியவரும் அவரே. பிரிட்டனில் பலர் அதை ஹூக் ஜாயின்ட் என்று அழைக்கிறார்கள்.

எரிந்த லண்டனில்

1666 செப்டம்பர் 2 அன்று தொடங்கிய பெருந்தீ, லண்டனில் 13,200 வீடுகளையும் 87 தேவாலயங்களையும் புனித பவுல் பேராலயத்தையும் அழித்தது. அந்த மாதமே புதிய நகரத்துக்கான வரைபடம் ஒன்றை ஹூக் முன்வைத்தார். அது ஏற்கப்படவில்லை. ஆனால் மாநகரம் அவரை நில அளவர்களுள் ஒருவராக அமர்த்தியது. சாம்பலும் இடிபாடும் மூடிய தெருக்களில் நூல்பிடித்து முளையடித்து, எந்த மனை யாருடையது, பொதுச்சுவர் எவ்வளவு தூரம், தெருவை அகலப்படுத்த எவ்வளவு நிலம் போயிற்று, இழப்பீடு எவ்வளவு என்று ஆயிரக்கணக்கான சான்றிதழ்களை எழுதினார். அண்டை வீட்டாரின் சண்டைகளைத் தீர்த்துவைத்தார். லண்டன் மீண்டும் எழுந்ததில் அவருடைய பங்கு கட்டடங்களைவிட இந்தச் சலிப்பூட்டும் வேலையில்தான் அதிகம்.

நண்பரும் கட்டடக் கலைஞருமான கிறிஸ்டோஃபர் ரென்னுடன் சேர்ந்து தீயின் நினைவாக 202 அடி உயரத் தூண் ஒன்றை எழுப்பினார். 1677இல் முடிந்த அந்தத் தூணின் நடுவே மேலிருந்து கீழ்வரை வெற்றிடம் விட்டு, உச்சிவானைப் பார்க்கும் தொலைநோக்கியாகவும் பயன்படும்படி அமைத்தார். சாலையின் அதிர்வு அந்த ஆசையைக் கெடுத்தது. மனநோயாளிகளுக்கான பெத்லெம் மருத்துவமனையையும் மருத்துவர் கல்லூரியையும் வடிவமைத்தார். தொங்கும் சங்கிலி எந்த வளைவில் நிற்கிறதோ, அதைத் தலைகீழாக்கினால் அதுவே கல் வளைவு உறுதியாக நிற்கும் வடிவம் என்று அவர் கண்டறிந்தார். புனித பவுல் பேராலயத்தின் குவிமாடத்தைப் பற்றி ரென் யோசித்தபோது இந்தக் கொள்கை கைகொடுத்ததை ஹூக்கின் நாட்குறிப்பு காட்டுகிறது.

வானும் ஈர்ப்பும்

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்றால் விண்மீன்களின் இடம் ஆண்டு முழுவதும் சிறிதளவு மாறித் தெரியவேண்டும். இதை அளக்க 1669இல் தம் அறையின் கூரையைத் துளைத்து 36 அடி நீளத் தொலைநோக்கியை நிமிர்த்தினார். முடிவுகள் தவறாக அமைந்தாலும், முறை பின்வந்தவர்களுக்கு வழிகாட்டிற்று.

1674இல் வெளியிட்ட நூலில், எல்லா வான்பொருள்களும் ஒன்றையொன்று ஈர்க்கின்றன, நேர்க்கோட்டில் செல்லும் பொருளை அந்த ஈர்ப்பு வளைக்கிறது, அருகில் வர வர ஈர்ப்பு வலுக்கிறது என்று எழுதினார். 1679–80 குளிர்காலத்தில் ஐசக் நியூட்டனோடு கடிதப் போக்குவரத்து நடந்தது. கோளின் இயக்கத்தை நேர்க்கோட்டு ஓட்டமாகவும் மைய ஈர்ப்பாகவும் பிரித்துப் பார்க்கவேண்டும் என்பதையும், ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்பதையும் ஹூக் அதில் சொன்னார். ஆனால் அந்த விதியிலிருந்து நீள்வட்டப் பாதையைக் கணிதத்தால் வருவிக்க அவரால் முடியவில்லை. 1684 தொடக்கத்தில் ரென்னும் வானியலாளர் எட்மண்ட் ஹாலியும் அவரோடு இதை விவாதித்தார்கள். நிறுவிக் காட்டுபவருக்கு 40 ஷில்லிங் மதிப்புள்ள நூல் பரிசு என்றார் ரென். ஹூக் தம்மிடம் விடை உண்டு என்றார், காட்டவில்லை. ஹாலி நியூட்டனிடம் போனார். 1687இல் நியூட்டனின் 'பிரின்சிபியா' நூல் வந்தது.

தம் பங்கை ஒப்புக்கொள்ளும்படி ஹூக் கேட்டார். நியூட்டன் சினந்து, தம் நூலில் ஹூக்கின் பெயரைப் பல இடங்களில் குறைத்தார். ஈர்ப்பு விதியை நிறுவிய பெருமை நியூட்டனுடையது என்பதில் ஐயமில்லை. சிக்கலைச் சரியாக வகுத்துக் கொடுத்தவர் ஹூக் என்பதையும் சேர்த்துச் சொல்வதே நியாயம்.

கிளிஞ்சல், மழை, ஒலி, மொழி

வைட் தீவின் பாறைகளில் கடல்மட்டத்துக்கு மேலே கிளிஞ்சல் அடுக்குகளைச் சிறுவயதிலிருந்தே பார்த்தவர் ஹூக். அவை இயற்கை கல்லில் விளையாட்டாகச் செய்த உருவங்கள் என்று அறிஞர் பலர் நம்பிய காலத்தில், அவை வாழ்ந்து மடிந்த உயிர்களின் எச்சங்களே என்று வாதிட்டார். கல்லான மரத்துண்டை நுண்ணோக்கியில் பார்த்து, சாதாரண மரத்தின் துளைகள் அதிலும் இருப்பதைச் சான்றாக வைத்தார். இன்று காணப்படாத அம்மோனைட் என்னும் பெரிய சுருள் கிளிஞ்சல்களைக் கொண்டு, சில உயிரினங்கள் அடியோடு அழிந்திருக்கவேண்டும் என்றும், நிலநடுக்கங்களால் கடலடி நிலமாகியிருக்கிறது என்றும் சொன்னார். இந்தத் துணிவுக்கு அவருடைய காலம் தயாராக இருக்கவில்லை.

வானிலையை நாள்தோறும் ஒரே முறையில் பல ஊர்களில் பதியவேண்டும் என்று திட்டம் வகுத்தார். காட்டு ஓட்ஸின் முறுக்கிய தாடி ஈரத்தில் அவிழ்வதை வைத்து ஈரப்பதமானி செய்தார். முள் காட்டும் காற்றழுத்தமானி, மழைமானி, காற்றுமானி ஆகியவற்றையும் உருவாக்கினார். நீர் உறையும் நிலையை வெப்பமானியின் தொடக்கப் புள்ளியாகக் கொள்ளலாம் என்றார். 1680இல் கண்ணாடியின்மேல் மாவைத் தூவி, அதிர்வில் மாவு கோலங்களாக ஒதுங்குவதைக் கண்டார். பற்சக்கரத்தைச் சுழற்றி இசைச் சுரங்களை எழுப்பிக் காட்டினார். தொலைவிலிருந்து தொலைநோக்கியால் படிக்கத்தக்க எழுத்துக் குறிகளை உயர்த்திச் செய்தி அனுப்பும் முறையை 1684இல் விளக்கினார். சீன எழுத்துகளைப் பற்றியும் கட்டுரை எழுதினார்.

கண்டியிலிருந்து வந்த நண்பர்

ஹூக்கின் வாழ்க்கை இலங்கையைத் தொடும் இடம் ஒன்று உண்டு. ஆங்கிலக் கப்பல் மாலுமி ராபர்ட் நாக்ஸ் 1660இல் திருகோணமலைக்குத் தெற்கே கொட்டியாறு குடாவில் கண்டி அரசர் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்களால் பிடிக்கப்பட்டார். பத்தொன்பது ஆண்டுகள் கண்டி நாட்டில் வாழ்ந்துவிட்டு, 1679இல் தப்பி, அநுராதபுரம் வழியாக ஆற்றங்கரையோடு காட்டில் நடந்து, மன்னாரை அடுத்த அரிப்புக் கோட்டையில் டச்சுக்காரரிடம் சேர்ந்தார். மறு ஆண்டு லண்டன் திரும்பினார். அவருடைய குறிப்புகளை நூலாக ஒழுங்குபடுத்த உதவியவர் ஹூக். 1681இல் வெளிவந்த அந்த இலங்கை வரலாற்று நூலுக்கு முன்னுரையும் எழுதினார். தூரதேசம் சென்று திரும்பும் மாலுமிகளின் அறிவைக் கேட்டுப் பதிவுசெய்யாவிட்டால் அது வீணாகும் என்பது அதில் அவருடைய கருத்து.

நட்பு தொடர்ந்தது. பங்கி எனப்படும் கஞ்சா இலையைப் பற்றி நாக்ஸ் தந்த விவரங்களைக் கொண்டு, 1689 டிசம்பரில் ஹூக் சங்கத்தில் உரையாற்றினார். அதன் மருத்துவப் பயனை ஆராயவேண்டும் என்றார். படித்தவரா, பட்டம் பெற்றவரா என்று பாராமல், கண்ணால் கண்டவரிடம் கற்றுக்கொள்ளும் ஹூக்கின் இயல்பு இந்த நட்பில் நன்றாகத் தெரிகிறது.

இறுதிக் காலமும் பின்னும்

1672இலிருந்து எழுதிய நாட்குறிப்பில் வானிலை, காபிக்கடைப் பேச்சு, உட்கொண்ட மருந்துகள், தூக்கமில்லாத இரவுகள் எல்லாம் சுருக்கமாக இருக்கின்றன. தம்மோடு வளர்ந்த அண்ணன் மகள் கிரேஸ் 1687இல் இறந்தது அவரை உடைத்துவிட்டது. கூன் விழுந்து, பார்வை மங்கி, 1703 மார்ச் 3 அன்று கிரெஷாம் கல்லூரி அறையில் இறந்தார். வறியவர் போல வாழ்ந்தவரின் பெட்டியில் எட்டாயிரம் பவுனுக்கு மேல் இருந்தது. பெரும்பகுதி நில அளவைத் தொழிலில் வந்த பணம். அடக்கத்தின்போது உடனிருந்து பார்த்துக்கொண்டவர்களுள் நாக்ஸும் ஒருவர். அதே ஆண்டு நியூட்டன் ராயல் சொசைட்டியின் தலைவரானார்.

ஹூக்குக்கு உறுதியான உருவப்படம் ஒன்றும் மிஞ்சவில்லை. 1710இல் சங்கத்துக்கு வந்த ஜெர்மானியப் பயணி ஒருவர் அங்கே அவர் படத்தைப் பார்த்ததாக எழுதினார், அதன்பின் தடமில்லை. நியூட்டன் அதை அழித்தார் என்று சொல்லப்படுவதற்குச் சான்று கிடையாது. ஹூக்கின் நாட்குறிப்பு 1935இல்தான் அச்சேறியது. 2006இல் ஆங்கில வீடொன்றின் அலமாரியில் ஐந்நூறுக்கு மேற்பட்ட பக்கங்கள் கொண்ட அவருடைய சங்கக் குறிப்புகள் கிடைத்தன. ராயல் சொசைட்டி அவற்றை ஏறக்குறைய பத்து லட்சம் பவுனுக்குப் பெற்றது.

ஹூக் தொடங்கியவற்றில் பலவற்றைப் பிறர் முடித்தார்கள். அவர் முன்கோபி, முந்துரிமைக்காகச் சண்டையிட்டவர், அடுத்த வாரச் சோதனையின் அவசரத்தில் முந்தைய வாரத்து எண்ணத்தைப் பாதியில் விட்டவர். இவை உண்மைகள். அவருடைய கண்ணும் கையும் இல்லாமல் பாயிலின் பம்பு, லேவன்ஹூக்கின் நற்பெயர், நியூட்டன் எடுத்துக்கொண்ட சிக்கல் ஆகிய மூன்றும் வேறு கதையாகியிருக்கும் என்பதும் உண்மை. சோதனையை அறிவியலின் அன்றாட வேலையாக்கியவர்களுள் முதல் வரிசையில் வைக்கவேண்டியவர் ராபர்ட் ஹூக்.